ஓய்வுபெற்ற மென்பொருளிலிருந்து புதிய தன்னியக்கத் தளத்திற்கு: கொழும்பு வர்த்தக அலுவலகங்களுக்கான வழிகாட்டி

பழைய தரவுத்தள நிரலாக்க மொழியான விசுவல் பொக்ஸ்புரோவில் எழுதப்பட்ட விலைப்பட்டியல் மென்பொருளோ, மைக்ரோசொப்டின் ஆவணப் பகிர்வுத் தளமான ஷெயார்பொயின்டில் பல ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட அனுமதிப் பணியோட்டமோ (ஆவணம் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் தானாகச் செல்லும் ஒழுங்கு) உங்கள் அலுவலகத்தில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால், அது கடன் வாங்கிய காலத்தில் ஓடுவதாகவே கொள்ள வேண்டும். பொக்ஸ்புரோவுக்கு மைக்ரோசொப்ட் வழங்கிய ஆதரவு 2015 ஜனவரியில் முடிவடைந்தது. இணையவழி ஷெயார்பொயின்டின் 2013 வகைப் பணியோட்டங்களுக்கு 2026 ஏப்ரல் 2 ஆம் திகதியையும், இன்போபாத் மின்படிவங்களுக்கு 2026 ஜூலை 14 ஆம் திகதியையும் அந்நிறுவனம் முடிவுநாளாக அறிவித்தது. மாற்றவேண்டும் என்ற முடிவு எடுக்கப்பட்டதும், புதிய தன்னியக்கத் தளம் பவர் ஒட்டோமேட்டா, சேப்பியரா, என்8என்னா என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது. அந்த விவாதத்தைச் சற்று ஒத்திவையுங்கள். பழைய மென்பொருளில் ஒருபோதும் எழுதப்படாமல், அதைப் பயன்படுத்தும் எழுதுவினைஞர்களின் பழக்கத்தில் மட்டுமே வாழும் விதிகளைக் கண்டெடுப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. அவை கைக்கு வராமல் எந்தத் தளத்தைத் தெரிவுசெய்தாலும் பயன் குறைவு.

அதற்கு, முடிந்துபோன ஒரு மாதத்தின் ஆவணங்களை முழுமையாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொள்வனவுக் கட்டளையும் யாரிடமிருந்து யாரிடம் போனது, எங்கே காத்திருந்தது, எந்தக் கையொப்பத்தின் பின் களஞ்சியத்துக்குச் சென்றது என்று தடம்பிடித்து எழுதுங்கள். பின்னர் அந்த வேலையைச் செய்பவரிடம் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: வழமைபோல் நடக்காத சந்தர்ப்பம் எது? முகாமையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது பணிப்பாளர் தொலைபேசியில் அனுமதிப்பதும், பின்திகதியிட்ட காசோலை திரும்பி வந்த வாடிக்கையாளருக்குக் கடன் நிறுத்தப்படுவதும், போயா தினத்தில் முடிவடையும் தவணை அடுத்த வேலைநாளுக்குத் தள்ளப்படுவதும் இப்படித்தான் வெளியே வரும். புறக்கோட்டை மொத்த வியாபாரத்தில் இத்தகைய விதிகள் எண்ணற்றவை. அவற்றை அறிந்த மூத்த எழுதுவினைஞர் ஓய்வுபெறுவதற்கு முன் இந்தப் பட்டியல் எழுதப்பட்டிருப்பது மென்பொருளைவிட முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. யாருமே வாசிக்காத அறிக்கைகளை மாத்திரம் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தரவு. இங்கே அவசரப்படுவோர் பிற்பாடு நீண்டகாலம் அவதிப்படுகிறார்கள். பொக்ஸ்புரோ அட்டவணை டிபிஎஃப் கோப்பில் இருக்கும். ஆனால் நீண்ட குறிப்புகள் அதே பெயரிலான எஃப்பிடி கோப்பில் தனியாக இருக்கும். முதலாவதை மட்டும் பிரதிசெய்தால் வாடிக்கையாளரைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் அனைத்தும் போய்விடும். தமிழில் பதிந்த பெயர்களும் முகவரிகளும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், எழுத்துருவை நீக்கியவுடன் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றாமல் புதிய தளத்தில் அவற்றைத் தேடவோ வரிசைப்படுத்தவோ முடியாது. ஒரே புலத்தில், அதாவது அட்டவணையின் ஒரே கட்டத்தில், ஆங்கிலமும் பாமினியும் கலந்திருந்தால், எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஆங்கிலப் பகுதியையும் சேர்த்துக் குலைத்துவிடுமாதலால், அத்தகைய பதிவுகளை முதலில் பிரித்தெடுத்துக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். சிங்களப் பெயர்கள் எஃப்எம் அபயா எழுத்துருவில் இருந்தாலும் இதே நிலைதான்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கும் தனிக் கவனம் தேவை. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்துமாக இருந்தது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்கள் கொண்டது. பழைய அட்டவணைப் புலம் பத்து எழுத்துகளுக்கே அமைக்கப்பட்டிருந்தால், புதிய இலக்கம் கொண்டவர்களை ஊழியர்கள் வேறெங்காவது பதிந்து வைத்திருப்பார்கள்; அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பழைய அட்டையைப் புதுப்பித்தவருக்கு இரண்டு இலக்கங்களும் இருப்பதால், ஒரே ஆள் இருவராகப் பதிவாகியிருக்கலாம். பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, முன்னால் 19 ஐச் சேர்த்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும் என்பதால் ஒப்பிடுவது கடினமன்று. எக்செல் வழியாகத் தரவைக் கொண்டுசெல்லும்போது அந்தப் புலத்தை உரையாக அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு எண்களும் சுருக்கப்பட்ட அடுக்குக்குறி வடிவில் தோன்றும், தொலைபேசி இலக்கங்களின் முதல் பூச்சியமும் மறைந்துவிடும்.

பெறுமதி சேர் வரியின் வீதத்தைப் பணியோட்டத்துக்குள் எண்ணாக எழுதவே கூடாது. 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட வரி, 2022 ஜூனில் 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரி 1 இல் 18 வீதமாகவும் உயர்ந்தது. நடைமுறைக்கு வரும் திகதியுடன் வீதங்களைத் தனிப் பட்டியலாக வைத்து, விலைப்பட்டியலின் திகதியைக் கொண்டு அதிலிருந்து வாசிக்குமாறு அமைத்தால், பழைய விலைப்பட்டியலை மீண்டும் எடுக்கும்போதும் தொகை மாறாது.

புதிய பணியோட்டத்தைக் கட்டும்போது, காத்திருக்கும் படிகளே சிக்கலானவை. பழைய ஷெயார்பொயின்ட் பணியோட்டம் ஓர் அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்து நிற்கும். பவர் ஒட்டோமேட்டில் ஓர் ஓட்டம் 30 நாட்களுக்கு மேல் நீடிக்காது, அனுமதி கிடைக்காவிட்டால் நின்றுவிடும். ஆகவே கோப்பின் நிலையை ஒரு பட்டியலில் பதிந்து, தினமும் ஒரு முறை ஓடும் சிறு பணியோட்டம் அதைப் பார்த்து நினைவூட்டுமாறு அமைப்பது நல்லது. நேரமும் கவனத்துக்குரியது: இத்தளங்களில் பல, உலகப் பொது நேரத்தில் பதிவுசெய்கின்றன; அது இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னே உள்ளது. பேலியகொடைச் சந்தையில் விடிவதற்கு முன் நடந்த விற்பனை, மாற்றாமல் விட்டால், முந்தைய நாளின் கணக்கில் விழும். பணியோட்டத்தின் உரிமையை ஒருவருடைய தனிக் கணக்கில் வைக்காமல் அலுவலகத்துக்கென உருவாக்கிய கணக்கில் வையுங்கள். தனிக் கணக்கில் வைத்தால், அவர் விலகிக் கணக்கு மூடப்பட்ட அன்றே இணைப்புகள் அறுந்துபோகும்.

மாறும் நாளில் பாதிவழியில் நிற்கும் கோப்புகளுக்கு முன்கூட்டியே தீர்ப்பு வேண்டும். ஒரு திகதியைக் குறித்து, அதற்குப் பின் பிறக்கும் கட்டளைகள் அனைத்தும் புதிய தளத்தில் தொடங்கட்டும். அதற்கு முந்தியவை, கால அவகாசம் இருந்தால், பழையதிலேயே முடியட்டும். அவகாசம் இல்லாதபோது ஒவ்வொன்றையும் எழுதி, இதுவரை கிடைத்த அனுமதிகளின் சான்றையும் இணைத்து, எஞ்சிய படியிலிருந்து புதியதில் தொடருங்கள். ஒப்பீட்டுக்காகப் புதிய கட்டளைகளைப் பழையதிலும் பதிந்து, இரண்டையும் மாத இறுதி ஒன்றும் போயா தினம் ஒன்றும் அடங்கும் ஒரு முழு மாதத்துக்கு இணையாக ஓடவிட்டு, கணக்காளர் இரு மொத்தங்களையும் ஒப்பிட்டு ஒப்பமிட்ட பிறகே பழையதை நிறுத்துங்கள்.

நிறுத்திய பின், பழைய தரவின் வாசிக்கத்தக்க பிரதியொன்றை இணையத்துடன் தொடர்பற்ற இடத்தில் பாதுகாத்து வையுங்கள். வரி தொடர்பான கேள்வி வரும்போது அது தேவைப்படும். அதில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கங்கள் உள்ளதால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதிற்கொண்டு, அதைத் திறக்கக்கூடியவர் யார் என்பதையும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் எழுத்தில் குறித்து முகாமையாளரின் ஒப்பத்துடன் கோப்பிலிடுங்கள்.