ஓவன் இல்லாத ஹாலோவீன் தின்பண்டம்: குழந்தைகளோடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் பிறந்துவிட்டால், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஹாலோவீன் பேச்சுதான். 31-ஆம் தேதி நெருங்க நெருங்க, வீட்டிலேயே ஏதாவது செய்யலாம் என்று நச்சரிப்பு தொடங்கும். ஓவன் தேவைப்படாத பண்டம்தானே, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நாமும் தலையாட்டிவிடுவோம். ஓவன் இல்லை, சரி. ஆனால் சூடு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, கையில் பிடித்தால் விடாத மார்ஷ்மெல்லோ இருக்கிறது. இந்த வகைப் பண்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். அதில் கண் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாக்லேட்டிலிருந்தே தொடங்கலாம். மம்மி (துணி சுற்றிய பிண உருவம்), பேய், சிலந்தி என்று எதைச் செய்தாலும் உருக்கிய வெள்ளைச் சாக்லேட் வேண்டியிருக்கிறது. அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், வழுவழுவென்று இருந்தது சட்டென்று கட்டி தட்டி, ஈர மணல் மாதிரி ஆகிவிடும். சாக்லேட்டில் இருக்கும் சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது இது. கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காத கரண்டி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது ஏறும் ஆவி, பிள்ளையின் ஈரக்கை, இவற்றில் ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண ஃபுட் கலரும் தண்ணீரில் கரைத்ததுதான். ஆரஞ்சு நிறம் வேண்டுமென்று அதை ஊற்றினாலும் இதே கதிதான். சாக்லேட்டுக்கென்றே எண்ணெயில் கலந்த நிறம் விற்கிறது, அதை வாங்குங்கள். இல்லையென்றால் நிறம் சேர்த்தே வரும் கேண்டி மெல்ட்ஸ் வாங்கிவிடுங்கள். குழந்தைகளோடு செய்வதற்கு நான் அதையே சொல்வேன். அசல் சாக்லேட்டை வெப்பம் பார்த்துப் பதமாக ஆற்றினால்தான் அது பளபளப்பாக இறுகும். கேண்டி மெல்ட்ஸில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் அந்த வேலை இல்லை. ருசியில் அசல் சாக்லேட்டுக்கு ஈடாகாது, உண்மைதான்.

மைக்ரோவேவில் முழு வேகத்தில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டுப் போவது அடுத்த தவறு. வெள்ளைச் சாக்லேட் சீக்கிரம் கருகும். பாதி வேகத்தில் 30 விநாடி, எடுத்துக் கிளறு, மறுபடி 30 விநாடி. முக்கால்வாசி உருகியதும் நிறுத்திவிட்டால், மீதி அந்தச் சூட்டிலேயே கிளறக் கிளற உருகிவிடும். கட்டி தட்டிப்போனதைத் தூக்கிப் போட வேண்டாம், சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கினால் சாஸாக மாறும். முக்கியெடுக்க அது உதவாது, ஐஸ்கிரீமுக்கு மேல் ஊற்றலாம்.

எந்தப் பண்டம் செய்வது என்று தேர்ந்தெடுப்பதிலும் தவறு நடக்கிறது. படத்தில் அழகாக இருக்கிறதே என்று, பிரெட்சல் என்னும் மொறுமொறுப்பான உப்புக் குச்சிகளை ஒடித்து ஓரியோவுக்குள் எட்டுக் கால் செருகும் சிலந்தியை நான்கு வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் பிஸ்கட் உடையும், குழந்தையும் அழும். கோணல் போனாலும் அழகாகத் தெரியும் உருவமாகப் பாருங்கள். ஓரியோ மம்மி அதற்கு அருமையானது. ஓரியோக்களை பேக்கிங் பேப்பர் மேல் பரப்புங்கள். உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டைச் சற்று ஆறவிட்டு, ஜிப் வைத்த பையில் ஊற்றி, மூலையில் ஊசிமுனை அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் கோடு வராது, குளம்தான் வரும். பிள்ளை பையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினால் போதும், தாறுமாறாக விழும் கோடுகள் அப்படியே கட்டுத்துணி மாதிரி இருக்கும். மூன்று நான்கு ஓரியோவுக்குக் கோடு போட்டதும், சாக்லேட் இறுகும் முன்பே சர்க்கரைக் கண்களை வைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் கோடு போட்டு முடித்துவிட்டுக் கண் வைக்கலாம் என்று விட்டால், முதலில் போட்டது இறுகியிருக்கும், கண் உருண்டு விழும்.

பொரித்த அரிசிச் சீரியலில் செய்யும் பூசணிக்காய் உருண்டையும் பலருக்குப் பிடித்தது. 6 கப் சீரியல், 3 மேசைக்கரண்டி வெண்ணெய், 10 அவுன்ஸ், அதாவது சுமார் 283 கிராம் மார்ஷ்மெல்லோ என்பது பழகிய கணக்கு. மார்ஷ்மெல்லோவைச் சின்னத் தீயில், உருகும் வரை மட்டுமே வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் பாகு முற்றி, உருண்டை ஆறியதும் கல்லாகிவிடும். இறுக்கி இறுக்கிப் பிடித்தாலும் அதே விளைவுதான். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. உருகிய மார்ஷ்மெல்லோ தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது, கொதிநீரை விட மோசமாகச் சுடும். உருக்குவதும் கிளறுவதும் பெரியவர்கள் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, பிள்ளையின் உள்ளங்கையில் வெண்ணெய் தடவிவிட்டு உருட்டச் சொல்லுங்கள்.

சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். மார்ஷ்மெல்லோ, புழு வடிவ கம்மி மிட்டாய், சோள மணி வடிவ மிட்டாயான கேண்டி கார்னில் சில வகைகள், இவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவும் கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். இல்லையென்றால் நம் தேங்காய் லட்டு இருக்கவே இருக்கிறது. உலர்ந்த தேங்காய்த் துருவலில் கண்டென்ஸ்டு மில்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிடித்தால் நிற்கும் பதத்தில் உருட்டி, நடுவில் ஒரு ப்ளூபெர்ரியை அழுத்தினால் பயங்கரமான கண்விழி தயார். பாலை ஒரேயடியாக ஊற்றிவிட்டால் மட்டும் உருண்டை நிற்காது. தீபாவளியும் இதே சமயத்தில்தான் வரும், 2024-இல் தமிழ்நாட்டில் அக்டோபர் 31 அன்றே வந்தது. ஒரே வேலையில் இரண்டு பண்டிகைக்கும் இனிப்பு ஆயிற்று.

"பேக் செய்யத் தேவையில்லை" என்று போட்டிருக்கும் சில குறிப்புகளை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். பச்சைக் கேக் மிக்ஸையோ மைதாவையோ கிரீம் சீஸில் கலந்து தொட்டுச் சாப்பிடும் 'மான்ஸ்டர் டிப்' அப்படிப்பட்டது. மாவு பார்க்கக் காய்ந்ததாக இருந்தாலும் அது சமைக்காத பொருள்தான், அதில் ஈ.கோலை கிருமி இருக்கலாம். 2021-இல் கேக் மிக்ஸோடு தொடர்புடைய ஈ.கோலை தொற்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் வந்தது, நோயுற்றவர்களில் பலர் குழந்தைகள். வீட்டிலேயே மைதாவை வறுத்துச் சேர்த்தால் ஆயிற்று என்பார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதையும் நம்ப வேண்டாம் என்கிறது.

கறுப்பு நிறத்துக்காக ஆக்டிவேட்டட் சார்க்கோல் என்னும் கரிப்பொடி சேர்ப்பதும் வேண்டாம். அது சாப்பிடும் மருந்தையும் உறிஞ்சிக்கொண்டு வேலை செய்யவிடாது. கறுப்புக் கோகோ பொடி போதும். மினுமினுப்புத் தூளில் 'நச்சற்றது' என்று எழுதியிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, 'உண்ணத் தக்கது' என்றும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். பானத்தில் புகை வரவழைக்கப் போடும் உலர் ஐஸ் −78.5 டிகிரி செல்சியஸ் குளிர். தொட்டாலும் புண், விழுங்கினால் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் மேசையில் அதற்கு வேலை இல்லை.

நேரக் கணக்கு தப்புவது பரவலாக நடக்கிறது. முந்தின இரவே எல்லாவற்றையும் செய்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டால் பிரெட்சல் நமுத்துப்போகும். புட்டிங் மேல் தூவிய பிஸ்கட் தூள் சேறாகும், வெட்டிய ஆப்பிள் பழுப்பாகும். முந்தின நாள் உருக்கி இறுகவைக்கும் வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள், தூவுவதும் செருகுவதும் பரிமாறும் முன்பு. வாழைப்பழப் பேய் செய்வதாக இருந்தால் பழத்தை முதலில் ஃப்ரீசரில் வைத்துக் கெட்டியாக்குங்கள். வழுக்கும் பழத்தில் சாக்லேட் நிற்காது. உரித்த ஆரஞ்சின் உச்சியில் செலரித் துண்டு ஒன்றைச் செருகினால் பூசணிக்காய், அதற்கு எந்தக் கவலையும் இல்லை.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கூட்டத்தில் இருந்தால் சர்க்கரைக் கண்கள், பாப்கார்ன், முழு திராட்சை, மார்ஷ்மெல்லோ, கொட்டைகள் எதுவும் அதன் கைக்குப் போகக்கூடாது. தொண்டையில் அடைக்கும். கண்ணுக்குப் பதில் சாக்லேட்டாலேயே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ப்ளூபெர்ரி என்றால் நான்காக நறுக்குங்கள்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல பள்ளிகளில் வீட்டில் செய்த பண்டத்துக்கு அனுமதி இல்லை, வேர்க்கடலைக்குக் கண்டிப்பான தடை இருக்கும். அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் லேபிளில் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள். நம் வீட்டு எள்ளுருண்டையை அனுப்பும்போது இதை மறக்கக்கூடாது. வீட்டில் செய்த பண்டங்களை நன்கு தெரிந்த வீட்டாரோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீன் அன்று வேடமிட்டு மிட்டாய் கேட்டு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு உறை பிரிக்காத கடை மிட்டாய்தான் சரி, முன்பின் தெரியாத வீட்டில் செய்ததைப் பெற்றோர் சாப்பிட விடமாட்டார்கள். வாசலில் நீலப்பச்சைப் பூசணிக்காய் ஒன்றும் வைக்கலாம். இந்த வீட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர், பென்சில் மாதிரி சாப்பிடாத பரிசும் உண்டு என்பதற்கு அது அடையாளம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய இந்த வழக்கம் 2014 முதல் அந்த நாடு முழுக்கப் பரவியிருக்கிறது.