கிரெஸ்டட் கெக்கோவின் கூண்டில் ஈரப்பதம்: ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்

கண்களுக்கு மேல் இமைமயிர் போன்ற முட்களைக் கொண்ட கிரெஸ்டட் கெக்கோ, பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவின் காடுகளைச் சேர்ந்த பல்லி. அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்ட இந்த இனம் 1994-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இன்று பல நாடுகளில் வீடுகளில் வளர்க்கப்படுகிறது. இதை வளர்ப்பவர்களில் பலர், ஈரப்பதத்தை எந்நேரமும் ஒரே அளவில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, கூண்டை நாள் முழுவதும் சொதசொதவென்று வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது இரவில் 80 விழுக்காடு வரை ஏறி, மறுநாள் பிற்பகலுக்குள் 50 விழுக்காட்டை ஒட்டி இறங்க வேண்டும். இறங்காத கூண்டில் பூஞ்சை பிடிக்கும். பல்லிக்குச் சுவாசத் தொற்றும் தோல் புண்ணும் வரக்கூடும்.

ஈரப்பதத்தை அளக்கும் மானி சரியாக இல்லாவிட்டால் மற்ற முயற்சிகள் எல்லாம் வீண். முள் உள்ள மலிவு மானியைத் தவிர்த்து டிஜிட்டல் மானியை வாங்குங்கள். அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, எட்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்: 75 காட்ட வேண்டும். என் முதல் மானி 62 காட்டியது. அதுவரை அதை நம்பித் தேவைக்கு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சோதித்த மானியைக் கூண்டின் நடு உயரத்தில், தெளிப்பு நேரடியாகப் படாத இடத்தில் பொருத்துங்கள்.

பொழுது சாயும் வேளையில், பல்லி விழித்தெழும்போது, இலைகளிலும் கண்ணாடியிலும் துளிகள் நிற்கும் வரை தெளியுங்கள். கிண்ணத்தில் நீர் இருந்தாலும், அந்தத் துளிகளை நக்கிக் குடிப்பதே இதன் இயல்பு. ஹீட்டர் ஓடும் குளிர்மாதங்களில் காலையிலும் லேசாகத் தெளிக்கலாம். மழைக்கால ஈரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊர்களில் நாளுக்கு ஒருமுறை தெளிப்பதே மிகை. ஈரம் தங்கவில்லை என்றால் வலைமூடியின் பாதியைக் கண்ணாடியால் மறைத்து, தரையில் கோகோ பீட் எனும் தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, செடிகளைச் சேர்க்கலாம். மூடி முழுவதையும் அடைத்துவிடக் கூடாது. விளக்கின் சூடு ஈரத்தை விரைவில் உலர்த்தும் என்பதோடு, 28 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் இந்தப் பல்லிக்கே ஆகாது.

ஈரம் போதாததை முதலில் காட்டிக்கொடுப்பவை கால்விரல்கள். சட்டை உரித்த மறுநாள், பல்லி கண்ணாடியில் ஒட்டி நிற்கும்போது மறுபக்கத்திலிருந்து விரலடிகளைப் பாருங்கள். வெளுத்த காகிதத் துணுக்கு போல் பழைய தோல் ஒட்டியிருந்தால் பிடிப்பு தளரும், அது வளையமாக இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். வால் நுனியிலும் அப்படியே. இந்த இனத்துக்குப் போன வால் மீண்டும் முளைப்பதில்லை. துளையிட்ட டப்பாவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, பல்லியை அதில் 15 நிமிடம் விட்டபின், ஈரப் பஞ்சுக்குச்சியால் பழைய தோலை மெல்ல உருட்டி எடுங்கள். உலர்ந்த தோலை ஒருபோதும் பிய்க்க வேண்டாம். வராவிட்டால் மறுநாள் மீண்டும் செய்து பாருங்கள். விரல் வீங்கியோ கறுத்தோ இருந்தால் காத்திராமல், ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.