‘ஜப்பான்காரர் இழுத்தடிப்பார்’: எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

திருப்பூரில் எந்த ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும், துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களைப் பற்றி இந்த மூன்றும் காதில் விழும். ஜப்பான்காரர் இழுத்தடிப்பார். ஜெர்மன்காரர் முசுடு. ஸ்வீடன்காரர் தங்கம், ஆனால் ஜூலையில் ஆளே கிடைக்கமாட்டார். பதினெட்டு வருடமாக மெர்ச்சன்டைசராக, அதாவது பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் ஆளாக, இருக்கும் நானும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதையேதான் ஓதிக்கொண்டிருந்தேன். மூன்றில் கடைசி மட்டும்தான் சரி என்பது பழைய மெயில்களை உட்கார்ந்து எண்ணிய பிறகு தெரிந்தது.

எண்ணுவதற்கு எக்செல் போதும். பையருக்கு ஒரு ஷீட், ஸ்டைலுக்கு (ஒவ்வொரு ஆடை வடிவத்துக்கும்) ஒரு வரி. லேப் டிப் (சாய நிறத்துக்கு ஓகே வாங்க அனுப்பும் துணித் துண்டு), ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி), பிபி சாம்பிள் (தயாரிப்பு தொடங்கும் முன் ஓகே வாங்கும் மாதிரி) மூன்றுக்கும் அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி. நாம் எத்தனை கேள்வி கேட்டோம், எத்தனைக்குப் பதில் வந்தது, அவர்கள் எத்தனை திருப்பிக் கேட்டார்கள். கடைசியாக, யாரும் வைக்காத ஒரு கட்டம்: பிபி சாம்பிள் ஓகே ஆன பிறகு எத்தனை மாற்றம் சொன்னார்கள்.

தேதியைக் கழிக்கும்போது கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்ளுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாம் அனுப்பும் மெயில் டோக்கியோவில் இரவு எட்டரைக்குப் போய்ச் சேரும். ‘ஒரு நாள் கழித்துத்தான் பதில் போடுகிறார்கள்’ என்று நான் புலம்பியதில் பாதி இந்தக் கணக்குதான். லீவு நாட்களையும் கழிக்க வேண்டும். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, பிறகு ஆகஸ்ட் நடுவில். ஸ்வீடனில் ஜூலை. ஜெர்மனியில் பள்ளி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பையர் ஹாம்பர்க்கா, மியூனிக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள். நாற்பது நாள் இழுத்த ஒரே ஒரு ஸ்டைல் மொத்தத்தையும் கெடுத்துவிடும். நாட்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். எக்செல்லில் மீடியன் ஃபார்முலா இருக்கிறது.

இதன் பிறகுதான் புத்தக எண்களுக்குப் போக வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெயர்ட் ஹாஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். நமக்கு இரண்டு போதும். நிச்சயமில்லாத நிலைமையை எவ்வளவு தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்பதில் ஜப்பான் 92, ஜெர்மனி 65, இந்தியா 40, ஸ்வீடன் 29. மேலே இருப்பவர் கையில் அதிகாரம் குவிந்திருப்பதை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் இந்தியா 77, ஜெர்மனி 35, ஸ்வீடன் 31. ஐம்பது வருடத்துக்கு முந்தைய, ஒரே கம்பெனி ஆட்களின் பதில் இது. அன்று ஜெர்மனி என்றால் மேற்கு ஜெர்மனி மட்டும். அதனால் என் பையரைப் பற்றி இந்த எண் தீர்ப்பு சொல்லாது. எந்தக் கட்டத்தை முதலில் பார்க்கலாம் என்று வழி காட்டும், அவ்வளவுதான்.

92 என்றதும் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ஜப்பான் பையர் பிபி ஓகே ஆவதற்கு முன் மூன்று சுற்று கேள்வி கேட்டிருந்தார்: துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), துவைத்த பின் சுருக்கம், ஆடையில் உடைந்த ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் டிடெக்டரின் பதிவு. ஓகே ஆன பிறகு பதினொரு ஸ்டைலில் ஒரு மாற்றம்கூட இல்லை. இரண்டே நாளில் ஓகே சொல்லும், நாங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் லண்டன் பையரோ அதற்குப் பிறகு லேபிள், பட்டன், ஒரு முறை கட்டிங் முடிந்த துணியில் நெக் ரிப் (கழுத்துப் பட்டி) வரைக்கும் மாற்றச் சொல்லியிருக்கிறார். நாள் போதாமல் சரக்கு விமானத்தில், ஏர் ஃப்ரெய்ட்டாகப் போனது யாருக்காக என்று பார்த்தால் எல்லாம் அவருக்குத்தான். யார் இழுத்தடித்தது?

ஸ்வீடன் ஷீட்டில் வேறு கதை. அங்கே ஆர்டரைக் கவனிக்கும் பெண்ணே ‘ஓகே’ என்று எழுதிவிடுவார். அவருடைய மேலதிகாரியும் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நாங்கள் இங்கே காத்திருப்போம். அந்த மேலதிகாரி ஒருநாளும் எழுதியதில்லை. அவர்கள் கணக்கில் முடிவு அன்றைக்கே ஆகிவிட்டது. நம்முடைய 77 தான் நாலைந்து நாளைத் தின்றது.

ஒரு எச்சரிக்கை. என்னிடம் இரண்டு ஜெர்மன் பையர்கள். ஒன்று மலிவு விலைக் கடைத்தொடர், இன்னொன்று ஒரு குடும்பம் நடத்தும் சின்ன பிராண்ட். இருவரின் எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் உள்ளதைவிடப் பெரிது. இருபது ஸ்டைல்கூடச் சேராத ஷீட்டை வைத்துக்கொண்டு நாட்டின் பெயரை எடுக்காதீர்கள். ஷீட்டில் ஆள் பெயரும் வேண்டாம், பொறுப்பை மட்டும் எழுதுங்கள்.

முசுடு விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜெர்மன் கடைத்தொடர்க்காரர் ஒரே விஷயத்தை இரண்டு முறை, மூன்று முறை கேட்பார். அந்த மெயில்களுக்கு முன்னால் நாங்கள் என்ன எழுதியிருந்தோம் என்று தேடிப் பார்த்தேன். ‘நோட்டட், வில் டூ த நீட்ஃபுல்.’ குறித்துக்கொண்டோம், ஆவன செய்கிறோம் என்று அர்த்தம். அவர் ‘32ஆம் வாரம்’ என்று வாரத்தின் எண்ணைப் போட்டுக் கேட்டிருக்கிறார்; எங்கள் பதில்களில் முக்கால்வாசியில் தேதியே இல்லை. முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு எழுதிய ‘நீட்ஃபுல்’களும் அதில் நிறைய. நம் பதிலில் தேதி இருந்ததா, இல்லையா என்று இப்போது ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை நிரப்புகிறோம்.

தேதி போட்டு எழுத ஆரம்பித்த பிறகு அவருடைய நினைவூட்டல் மெயில்கள் அநேகமாக நின்றுவிட்டன. ‘டியர்’ மட்டும் இன்னும் போடுவதில்லை. அதற்கு நான் கட்டம் வைக்கவில்லை.