அடியில் காலி, மேலே நெரிசல்: உயர்மாடி பார்க்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓர் இளம் பொறியாளர் தன் முதல் பெரிய வேலையைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். நகர மையத்தில் எழப்போகும் இருபத்தெட்டு மாடிக் கட்டடம். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். வரைபடத்தின் வலது மூலையில், பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் ஓர் எண்: 540 கார்கள். அதைக் காட்டும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமிதம் எனக்குப் பழக்கமானது. இருபது வருடங்களுக்கு முன் அதே மாதிரிப் பெட்டிக்குள் ஏறத்தாழ அதே எண்ணை எழுதிவிட்டு நானும் அப்படித்தான் நின்றேன்.

கோடு போடுவது, அம்புக்குறி வரைவது, மாற்றுத்திறனாளிகளுக்கு லிப்ட் அருகே இடம் ஒதுக்குவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை எந்தக் கையேடும் சொல்லும். மறந்தால் அனுமதி தரும் அதிகாரியே வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் கண்ணில் படாமல் தப்பித்து, கான்கிரீட்டாக இறுகிப்போகும் தவறுகள்தான் என் கவலை.

தவறான நேரத்தில் எண்ணுவது

வீட்டுக் கார்களை எண்ண வேண்டுமானால், எல்லாம் வீடு திரும்பியிருக்கும் அதிகாலை இரண்டு மணிக்குப் போங்கள். தூக்கம் கெடும். வேறு வழியில்லை.

தூண்களை மேலிருந்து இறக்குவது

கட்டடக் கலைஞர் படுக்கையறைச் சுவர்களுக்கு ஏற்பத் தூண்களை வைப்பார். அந்தத் தூண்கள் அப்படியே கீழே இறங்கி வரும். கடைசியில்தான் அவற்றுக்கு நடுவே கார்களை நிறுத்த இடம் தேடுவார்கள்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம் என்று கொள்வோம். மூன்று கார்களுக்கு 7.5 மீட்டர். தூணின் பருமன் 60 சென்டிமீட்டர். ஆக, ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையம்வரை 8.1 மீட்டர் இருந்தால் மூன்று கார்கள் நிம்மதியாக நிற்கும். அதையே 7.2 ஆக்கிப் பாருங்கள். மூன்றாவது கார் வரைபடத்தில் மட்டும் நிற்கும். நேரில், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் இடிக்கும். திறக்காவிட்டால் அவர் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தளத்துக்குத் தளம் இப்படி மூன்றில் ஒன்றை இழந்த கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே தூண்களில் இடுப்பு உயரத்தில் வெள்ளை, சிவப்பு, நீலக் கீறல்கள். எந்த நிறக் கார்கள் வந்து போகின்றன என்பதைத் தூணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தூண் வரிசையை முடிவுசெய்யும் கூட்டத்தில், முதல் நாளிலேயே, உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அழைக்காவிட்டாலும் போய் உட்காருங்கள்.

சாய்தளத்தின் இரு முனைகள்

எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு சமதரையை நேரடியாகச் சந்தித்தால் தாழ்ந்த காரின் அடிவயிறு உரசும். இரு முனைகளிலும் மூன்று, நான்கு மீட்டர் தூரத்துக்குச் சரிவைப் பாதியாகக் குறையுங்கள். நம்பாதவர்கள் ஏதாவது ஒரு பழைய சாய்தளத்தின் கீழ் முனையில் குனிந்து தரையில் உள்ள கீறல்களைப் பார்க்கட்டும்.

உச்சங்களைக் கூட்டுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. முதல் கோபம் என்மீதே.

இருபது வருடங்களுக்கு முன் நான் கணக்குப் போட்ட அந்தக் கட்டடத்தில் அலுவலகங்களுக்கு 220 கார்கள். வீடுகளுக்கு 180. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சேர்த்து 100. மூன்றையும் கூட்டினேன்: 500. ஒரு தளத்தில் 128 கார்கள் நிற்கும். ஆகவே தரைக்குக் கீழே நான்கு தளங்கள். கூட்டல் சரி. ஆனால் கூட்டியிருக்கவே கூடாது.

காலை பதினொரு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கார்கள் 220ம் இருக்கும். வீட்டுக் கார்களில் பல வேலைக்குப் போயிருக்கும்; 110 மிஞ்சும். கடைகளுக்கு 50 வந்திருக்கும். மொத்தம் 380. இரவு எட்டு மணிக்கு அலுவலகத்தில் 40, வீடுகளில் 150, உணவகங்கள் நிரம்பி 100. மொத்தம் 290. அதிகாலை இரண்டு மணிக்கு வீட்டுக் கார்கள் 180 மட்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் எந்தக் கணத்திலும் அந்த 500 கார்கள் ஒன்றாக வந்து நிற்கப் போவதில்லை. மூன்று தளங்களில் 384 இடங்கள், தேவை 380. நான்கே இடங்கள் மிச்சம் என்றால் வயிறு கலங்கும், உண்மைதான். எதிர்த் தெருவில் ஒரு திரையரங்கின் நிறுத்துமிடம் பகல் முழுவதும் பாதி காலியாகக் கிடந்தது. அங்கே முப்பது இடங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் வயிறு அடங்கியிருக்கும். நான் பூமியைத் தோண்டச் சொன்னேன்.

ஒரு தளம் கூடுதலாகத் தோண்டுவது என்றால் என்ன என்று கட்டாதவர்களுக்குத் தெரியாது. கார்கள் ஓடும் வழியில் தன் பங்கையும் சாய்தளத்தில் தன் பங்கையும் சேர்த்தால், ஒரு கார் 25 முதல் 35 சதுர மீட்டர்வரை தின்னும். ஆழம் கூடக்கூட மண்ணைத் தாங்கும் சுவர் தடிக்க வேண்டும். புகையை வெளியேற்றும் விசிறிகள் கூட வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் இன்னொரு வேடிக்கை: காலியான பெட்டியைத் தண்ணீரில் அமுக்கினால் அது மேலே எழும்பப் பார்க்குமல்லவா, அடித்தளமும் அதையே செய்யும். அதைப் பிடித்துவைக்கத் தரைத் தகட்டைக் கனமாக்க வேண்டும், அல்லது நிலத்தோடு நங்கூரமிட வேண்டும். கடைசித் தளம்தான் எப்போதும் அதிகச் செலவு வைக்கும். ஆகக் குறைவான கார்கள் வருவதும் அங்கேதான்.

அப்போது என் தரப்பில் ஒரு வாதம் இருந்தது: விதி அப்படித்தான் கேட்கிறது. எந்தப் பயன்பாட்டுக்கு எத்தனை நிறுத்துமிடம் என்று சொல்லும் அந்த விதி அட்டவணைகளின் கதை உண்மையில் சுவையானது. அடுக்குமாடி வீடுகளுக்கு இத்தனை நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை 1923இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம் கொண்டுவந்தது. 1939இல் அதே நாட்டின் ஃபிரெஸ்னோ நகரம் அதை மருத்துவமனைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விதித்தது. பிறகு ஊர் ஊராக ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டது. பெரும்பாலான அட்டவணைகளில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி வரி உண்டு. ஒரே கூரையின் கீழ் மூன்று பயன்பாடுகள் வாழக்கூடும் என்ற நினைப்பு பின்னால்தான் வந்தது. 2017இல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் இந்தக் கட்டாயத்தையே நீக்கியது. அதே ஆண்டில் மெக்சிகோ நகரம் குறைந்தபட்ச எண்ணை எடுத்துவிட்டு உச்சவரம்பு வைத்தது. இன்று பல ஊர்களின் விதிகளில் பகிர்வுக் கணக்குக்கு, அதாவது ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் பயன்படுத்துவதாக எண்ணுவதற்கு, இடம் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். நான் கேட்கவில்லை. அட்டவணைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது.

கட்டடம் திறந்து ஓராண்டுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அங்கே போனேன். வெளியே தெருவில் கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. இடம் தேடி அதே நான்கு தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு சிவப்புக் காரை நான் நின்ற நேரத்தில் மூன்று முறை பார்த்தேன். பக்கத்துத் தெருக்காரர்கள் திட்ட அனுமதிக் கூட்டத்தில் எதை நினைத்துப் பயந்தார்களோ அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நுழைவாயிலில் "இடம் இல்லை" என்று பலகை.

நான்காவது தளத்துக்கு இறங்கினேன். 128 இடங்களில் 11 கார்கள். இரண்டின்மேல் உறை போர்த்தியிருந்தது. மூலையில் நீர் இறைக்கும் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு காரின் முன்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் ஒரு தேதி எழுதியிருந்தார்கள். ஏழு மாதப் பழைய தேதி. காவலாளியிடம் கேட்டேன்.

"நான்தான் எழுதினேன் சார். எத்தனை நாள் அசையாமல் நிற்கிறது என்று பார்க்க."

"இவ்வளவு இடம் இருக்கும்போது வாசலில் ஏன் பலகை?"

"காலியாகத்தான் இருக்கிறது சார். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது."

அவர் கைகாட்டிய சுவரில் வரிசையாக நிறுவனப் பெயர்கள். ஒவ்வொரு இடத்தையும் ஒருவருக்கு எழுதிக்கொடுத்து, சங்கிலி மாட்டியிருந்தார்கள். அலுவலகங்களின் 180 இடங்கள் இரவில் பூட்டிக் கிடக்க, சாப்பிட வந்தவர்கள் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். 512 இடங்கள் கட்டியும் பற்றாக்குறையை ஒழிக்க முடியவில்லை, ஏனென்றால் அதைச் சுவரில் பெயின்ட் அடித்தே உண்டாக்கியிருந்தோம்.

இளைஞர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மணிவாரிக் கணக்கை அழகாகப் போட்டு எண்ணைக் குறைப்பார்கள். பிறகு விற்பனைப் பிரிவு வந்து ஒவ்வோர் இடத்தையும் பெயர் போட்டு விற்கும். கணக்கு அன்றே செத்துவிடும். மேலே சொன்ன உதாரணத்தில் வீட்டு இடங்களை மட்டும் பெயர் எழுதிப் பூட்டினால்கூடப் பதினொரு மணித் தேவை 380இலிருந்து 450க்கு ஏறிவிடும், ஏனென்றால் வெளியே போன 70 கார்களின் இடத்தில் யாரும் நிற்க முடியாது. யாருக்கு எத்தனை இடம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எந்த இடம் என்பது இருக்க வேண்டாம். இதை எழுத்தில் வாங்காமல் குறைந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு வருடப் பேச்சுக்குப் பிறகு, மாலை ஏழு மணிக்கு மேல் சங்கிலியை அவிழ்க்க இரண்டு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. மூன்றாவது மறுத்துவிட்டது. நான்காவது தளத்தை வேறெதற்காவது பயன்படுத்தலாமா என்று பார்த்தார்கள். உயரம் 2.4 மீட்டர், வெளிச்சம் இல்லை, தரை சரிவு. உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். பம்ப் இன்னும் ஓடுகிறது.

சாலையோரத்தைக் கணக்கில் விடுவது

கீழே எத்தனை தளம் கட்டினாலும், மேலே தெருவோரம் இலவசமாகக் கிடந்தால் அதுதான் முதலில் நிரம்பும். இது இன்று கண்டுபிடித்த விஷயமல்ல. 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில், தெருவோரம் நிறுத்தக் காசு வாங்கும் கருவியான உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டதே, நகர மையத்தில் வேலைசெய்பவர்கள் காலையிலேயே தெருவோரத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருபவர்களுக்கு இடமில்லாமல் செய்ததால்தான். தெருவோரக் கட்டணம் உங்கள் வரைபடத்துக்குள் வராது. ஆனால் அது என்ன என்று தெரியாமல் உள்ளே எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல முடியாது.

"ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது, யாரும் கார் வைத்திருக்க மாட்டார்கள்"

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்பவர்களுக்கு. காரை ஓட்டாமல் இருப்பது வேறு, வைத்துக்கொள்ளாமல் இருப்பது வேறு. ரயிலில் வேலைக்குப் போகிறவரின் கார் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும். ஓட்டுகிறவருடையதாவது பகலில் இடம் விடும். ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான ஊர்களில் காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் அதைப் பதிவுசெய்ய முடியும். அப்படி ஒரு சட்டம் இல்லாத ஊரில், இடமில்லாத கார் பக்கத்துத் தெருவில்தான் தூங்கும்.

தடுப்புக் கம்பம் தெருவை ஒட்டி

வேண்டாம். நுழைவாயிலில் கம்பம் உயரக் காத்திருக்கும் கார்கள் தெருவை அடைக்கும். தெருவுக்கும் கம்பத்துக்கும் நடுவே மூன்று கார்கள் நிற்க இடம் விட்டு உள்ளே தள்ளுங்கள்.

கார் லிப்டை நம்புவது

ஒரு முறை ஏறி இறங்க இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 30 கார்கள். காலை எட்டு முதல் ஒன்பதுவரை 60 பேர் கிளம்புவார்கள் என்றால் கடைசி ஆள் பத்து மணிக்கு வெளியே வருவார். அதுவும் லிப்ட் பழுதாகாத நாளில். விற்க வந்தவர் சொல்லும் நிமிடக் கணக்கை அப்படியே எழுதாமல், கடிகாரத்தோடு போய் இயங்கும் லிப்ட் ஒன்றின் முன் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

பார்சல் வண்டிகள்

தினமும் வரும். வீடு மாறும் லாரியும் வரும். வரைபடத்தில் அவை எங்கே?

தீயைப் பற்றி மின்சாரக் காரோடு மட்டும் யோசிப்பது

மின்னேற்றி வைக்கும் இடங்களுக்கு மட்டும் நீர்த்தெளிப்பான் போட்டால் போதும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். 2017 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு பல மாடி நிறுத்துமிடம் எரிந்தது. சுமார் 1,400 வாகனங்கள் போயின. 2023 அக்டோபரில் அதே நாட்டின் லூட்டன் விமான நிலையத்தில் இன்னொன்று எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரண்டிலும் தீ மின்சாரக் காரில் தொடங்கவில்லை. இரண்டிலும் நீர்த்தெளிப்பான் இல்லை.

அந்த இளம் பொறியாளரிடம் பெட்டிக்குள் இருந்த 540ஐ அடித்துவிட்டு, மணிவாரியாக ஓர் அட்டவணை கேட்டேன். மூன்று நாளில் கொண்டுவந்தார்: 415.

"எந்த மணிக்கு?"

"பகல் பதினொன்றரை. ஒரு தளம் குறைகிறது சார். ஆனால் அலுவலகத்துக்காரர்கள் பெயர் எழுதித்தான் தர வேண்டும் என்கிறார்களே?"

அவர்களோடு வியாழக்கிழமை கூட்டம். நானும் போகிறேன்.