லயத்துக்குத் தண்ணீர் இழுக்க முதலில் ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கள்

"பீலியில் தண்ணி வருதில்ல, மேல ஊத்துல இருந்து பைப் இழுப்போம்" என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் பொடியன்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மண்வெட்டியோடு மலையேறிவிடுவார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் நான் கூட நின்று பார்த்த மூன்று தண்ணீர் வேலைகளில் ஒன்றுகூட வெட்டும்போது கெட்டுப்போகவில்லை. வெட்டுவதற்கு முன்னால் எழுதி வைக்காததால் கெட்டது, இல்லாவிட்டால் தண்ணீர் டப்பைத் திறந்து தேங்காய் உடைத்த பிறகு கேட்பாரற்றுக் கெட்டது.

சிஆர் கொப்பி என்ற அந்தத் தடித்த மட்டைக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வசனம் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போதைக்குள். "மேல் டிவிஷன் 60 குடும்பத்துக்கு, ஆளுக்கு நாளைக்கு 80 லீற்றர், அடுத்த வருசம் மே மழைக்கு முன்." அதற்குக் கீழே எதைச் செய்யப்போவதில்லை என்பதையும் எழுதுங்கள், இதைத்தான் எல்லாரும் விடுகிறோம். பாதி வேலையில் கோயில் கமிட்டி ஒரு டப் கேட்கும், பிள்ளைக் காம்பராவுக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) ஒன்று கேட்பார்கள், யாரோ ஒருவர் தன் மரக்கறித் தோட்டத்துக்கும் கேட்பார். கொடுக்கக்கூடாது என்றில்லை. எத்தனை நாள் கூடும், காசு யார் தருவது என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகு கொடுங்கள்.

அப்புறம் அளவு. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 300 பேர், ஒரு நாளைக்கு 24,000 லீற்றர் வேண்டும். 20 லீற்றர் வாளியை ஊற்றில் பிடித்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று போனில் பாருங்கள். 50 செக்கன் என்றால் நிமிடத்துக்கு 24 லீற்றர், நாளைக்கு 34,560. போதும். ஆனால் இதை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் அளக்க வேண்டும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடி ஆவணி வெயிலில். மழைக்காலத்தில் அளந்தால் எந்த ஓடையும் கங்கைதான்.

அனுமதி விசயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. எங்கள் முதல் வேலையில் துரை (தோட்ட மேலாளர்) காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தலையாட்டினார், நாங்களும் அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டு வெட்டினோம். மூன்று மாதத்தில் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், பைப் போகும் மலையில் புதுக்கன்று நடப்போகிறோம், நிறுத்துங்கள் என்றார். அவரிடம் காட்ட எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அதனால் கடிதம் வாங்குங்கள். எந்த நம்பர் மலை வழியாக, தாங்கி எந்த இடத்தில், பராமரிப்பது யார் என்று அதில் இருக்கட்டும், பிரதேச சபைக்கும் கிராம சேவகருக்கும் ஒரு கொப்பி கொடுங்கள். இன்னொன்று, 10,000 லீற்றர் தாங்கி என்றால் தண்ணீர் மட்டுமே 10 தொன், அது லயத்துக்கு மேலே நிற்கப்போகிறது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நமக்குச் சொல்லத் தேவையில்லை. சரிவான இடமாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் அத்திவாரம் வெட்டாதீர்கள்.

நாள் கணக்கு போடுவதற்கு ஊகம் வேண்டாம். முதல் ஞாயிறு வெட்டிப் பாருங்கள். பைப் புதைக்கும் காண் 20 பேர் 70 மீற்றர் வெட்டினால், 800 மீற்றருக்கு 12 ஞாயிறு. ஜனவரியில் தொடங்கினால் மார்ச் கடைசி, ஏப்ரலில் வருசப்பிறப்புக்கு ஆள் வராது, கடையும் பூட்டு, மே கடைசியில் மழை. அதாவது இந்த வருசம் தண்ணீர் அளந்து, கடிதமும் காசும் சேர்த்து, அடுத்த ஜனவரியில்தான் மண்வெட்டி. ஒவ்வொரு வேலையையும் ஒரு துண்டில் எழுதித் தரையில் பரப்பி, எது முடிந்தால்தான் எது தொடங்கலாம் என்று வரிசைப்படுத்துங்கள். தாங்கிக்குக் கொங்கிறீட் போட்டு குறைந்தது ஏழு நாள் நனைக்கவேண்டும், அந்த நாட்களில் காணை வெட்டலாம், காத்துக்கொண்டு உட்காரத் தேவையில்லை. எதில் ஒரு நாள் பிந்தினால் முழு வேலையும் ஒரு நாள் பிந்துமோ அந்தச் சங்கிலியில் மட்டும் கண் வையுங்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பனி பெரிய கணினி வைத்துச் செய்த கணக்கு இதுதான், நமக்குக் கடதாசித் துண்டு போதும்.

காசு: சம்பள நாளான 10ஆம் திகதிக்கு அடுத்த நாளே சந்தா எடுங்கள், 20ஆம் திகதி போனால் கிடைக்காது. பில்லைக் கொப்பியிலேயே ஒட்டுங்கள், இரண்டு பேர் கையெழுத்து. லொறி ரோட்டோடு நின்றுவிடும், மணலைத் தலையில் சுமந்து மேலே ஏற்றும் கூலியைத் தனி வரியாகப் போடுங்கள். சீமெந்து அந்தந்த வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள், நம் பனிக்கு மூட்டைக்குள்ளேயே கல்லாகிவிடும்.

வேலை நடக்கும்போது ஞாயிறு சாயந்தரம் பத்து நிமிடம் கோயில் வாசலில் கூடுங்கள். எது முடிந்தது, எது சிக்கி நிற்கிறது, அதை யார் பார்ப்பது. "நாங்க பார்ப்போம்" என்று எழுதினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள், பெயர் எழுதுங்கள்.

குழாயில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம். எங்களுக்கு 90 மீற்றர் இறக்கம், ஆறு பார் தாங்கும் பைப்பைப் போட்டோம். பகல் முழுக்க நல்லாத்தான் ஓடியது, எல்லாருக்கும் சந்தோசம். இரவு எல்லா டப்பையும் பூட்டியதும்தான் முழு அழுத்தமும் ஏறியது, விடிய இரண்டு மணிக்குக் கடைசி லயத்துக்குப் பின்னால் வெடித்து, ஒரு வீட்டுக் குசினிக்குள் சேறு. நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டி அழுத்தத்தை உடைத்திருந்தால் தப்பியிருக்கும். அதனால் மண் மூடுவதற்கு முன் ஒரு இரவு எல்லா டப்பையும் பூட்டி வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் வந்ததும் கொப்பியை மூடிவிடாதீர்கள். பைப் போகும் வழியை வரையுங்கள், அளவை பாலத்திலிருந்தோ மதகிலிருந்தோ எடுங்கள், சவுக்கு மரத்திலிருந்து எடுத்தால் மரத்தை வெட்டிய பிறகு இடம் தெரியாது. மாதச் சந்தா எவ்வளவு, தாங்கியைக் கழுவுவது எந்த வீட்டு முறை, மிஞ்சிய பைப் யார் வீட்டில் என்று எழுதுங்கள். வால்வுப் பெட்டிக்கு இரண்டு சாவி, ஒன்று மேல் லயத்தில், மற்றது கடைசி லயத்தில். கடைசி லயத்துக்குத்தான் தண்ணீர் முதலில் நிற்கும்.