சிக்னல் மெதுவான இடத்தில் பிப்

புதுக்குடியிருப்பில் போன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுத்தான் பைத்தன் பொதிகளை, அதாவது பைத்தன் நிரல்மொழிக்கான ஆயத்த நிரல்களை, இறக்குகிறேன். மாலையில் சிக்னல் இழுபடும். பாதியில் 'டைம்அவுட்' என்று நின்றுவிடும், போன டேட்டா போனதுதான். இந்தப் பொதிகளை இறக்கித் தரும் பிப் கருவி, பதில் வராவிட்டால் 15 விநாடிதான் பொறுக்கும்.

அதை 60 ஆக்க ஒவ்வொரு முறையும் கட்டளையில் எழுதத் தேவையில்லை. சூழல் மாறி ஒன்றை, அதாவது நிரல்கள் பார்த்துக்கொள்ளக் கணினியில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு ஒன்றை, வைத்தால் போதும். பெயருக்கு விதி இதுதான்: கட்டளையில் பொறுக்கும் நேரத்தைச் சொல்லும் டைம்அவுட் என்ற விருப்பத்தின் முன்னாலுள்ள இரண்டு கோடுகளை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, முன்னே பிப் என்ற மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்தையும் ஓர் அடிக்கோட்டையும் சேருங்கள். பெயரின் நடுவே சிறுகோடு இருந்தால் அதுவும் அடிக்கோடாக வேண்டும். எத்தனை முறை திரும்ப முயல்வது என்று சொல்லும் ரீட்ரைஸ் உட்பட, எந்த நீண்ட விருப்பத்துக்கும் இதே விதிதான். இணைப்பு அறுந்தறுந்து வரும் ஊர்களில் அதையும் கூட்டி வையுங்கள்.

லினக்ஸ் என்றால் டெர்மினல் என்ற கட்டளைச் சாளரம் திறக்கும்போது வாசிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எக்ஸ்போர்ட் வரியாக எழுதுங்கள். விண்டோஸில் செட்எக்ஸ் கட்டளை. அப்புறம் புது டெர்மினலைத் திறக்க வேண்டும், பழையதில் வேலை செய்யாது. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கூடத் தடுமாறுகிறார்கள்.

ஒருநாள் மட்டும் வேறு அளவு வேண்டுமா? சரி, கட்டளையிலேயே எழுதுங்கள். மாறியில் உள்ளதை விட அதைத்தான் பிப் எடுத்துக்கொள்ளும்.