பாலில் வரும் புழு: நாய்க்குட்டிக்கு முதல் பூச்சி மருந்து எப்போது, எப்படி?

குட்டி இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை, அதற்குள் வயிற்றில் புழுவா? ஆமாம். தாய்ப்பாலிலேயே வந்திருக்கும்.

குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்களில் சில தாய் நாயின் குடலுக்குப் போகாமல் தசைக்குள் புகுந்து உறங்கிக் கிடக்கும். பிரசவ சமயத்தில் ஹார்மோன்கள் மாறும்போது விழித்து, மடிக்கு வந்து பாலில் இறங்கும். தாயின் மலத்தைச் சோதித்தால் புழுவின் முட்டையே இல்லாமலும் போகலாம். வழக்கமான மாத்திரையும் குடலில் இருப்பதைத்தான் கொல்லும், தசையில் உறங்குவதை எட்டாது. அதற்காகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். சீம்பால் இல்லாத குட்டி பிழைப்பதே கஷ்டம்.

படி 1: பிறந்த தேதியிலிருந்து 14, 28, 42, 56-ஆம் நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

படி 2: அந்தந்த நாளில் ஒவ்வொரு குட்டியையும் தனியாக எடை போடுங்கள். போன முறை எடுத்த எடை உதவாது, இரண்டு வாரத்தில் எவ்வளவோ ஏறியிருக்கும். அந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 3: பெரும்பாலும் பைரன்டெல் திரவம்தான் தருவார்கள். அது அடியில் படியும், பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சைக் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் புரையேறும். தாய்க்கும் அதே நாளில் மருந்து.

படி 4: தினமும் உதட்டைத் தூக்கி ஈறு பாருங்கள். ஒரு கொக்கிப்புழு நாளுக்கு 0.1 மில்லி வரை இரத்தத்தை வீணாக்கும். அரைக் கிலோ குட்டியின் மொத்த இரத்தமே சுமார் 40 மில்லி. நூறு புழு இருந்தால் கணக்கு என்னவாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மலத்தில் முட்டை தெரியும் முன்பே குட்டி செத்துப்போவது இதனால்தான். ஈறு வெளுத்தாலோ, மலம் தார்போலக் கருத்தாலோ அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

படி 5: மலத்தை அன்றன்றே அள்ளி, விரிப்பை மாற்றுங்கள்.

பூனைக்குட்டிக்கும் உருண்டைப்புழு பாலில் வரும், அதற்கு 3 வாரத்தில் தொடங்கலாம். எருமைக் கன்றுக்கு 10 முதல் 16 நாளுக்குள்.

ஒருமுறை தொற்றிய தாய், அடுத்தடுத்த ஈற்றுக்கும் புழுவைக் கொடுக்கலாம். அதனால் அடுத்த சினையின்போது முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். சினையின் 40-ஆம் நாள் முதல் குட்டி போட்ட 14-ஆம் நாள் வரை தினமும் ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுக்கும் முறை உண்டு. புழு வெகுவாகக் குறையும், முழுதாக நிற்காது. காலண்டரில் வட்டம் அப்போதும் போட்டுத்தான் ஆக வேண்டும்.